எட்டாயிரத்துக்கு வீடு கேட்டவர் பைத்தியக்காரரா?



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு நமது மண்ணடிக் கிளை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் டிபன் பையோடு ஒரு சகோதரர் உள்ளே வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மாடிப்படி ஏற முடியாத தாயார். ஒன்பது வருடமாக 6,500 ரூபாய் வாடகையில் இருந்த வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார்களாம். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

"ஹஜ்ரத், எட்டாயிரத்துக்குள் இரண்டு ரூம் வீடு ஒன்று இருந்தால் சொல்லுங்கள். உம்மா இருப்பதால் கீழ் வீடாக இருந்தால் நல்லது. பாங்கு சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும்" என்றார்.

அப்போது நம் இளைஞர்கள் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். கூடவே வீட்டு புரோக்கர் வேலையும் பார்க்கிறார். அவர் சிரித்துவிட்டார். "பாய், நீங்க எந்தக் காலத்து வாடகையைச் சொல்றீங்க? இந்த பட்ஜெட்டுக்கு வீடு கிடைக்காது, வீட்டு வாசப்படிதான் கிடைக்கும்!"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்த அந்த நேரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன தொகை இன்றைய நிலவரத்துக்கு ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 8,000 ரூபாய் என்பது அவர் வாய்க்கு வந்தபடி சொன்ன தொகையா? அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு? 7,333 ரூபாய். அதற்கும் மேலே ஏறித்தான் அவர் எட்டாயிரம் என்றார். மீதி இருக்கும் 14,000 ரூபாயில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டும். தாயாருக்கு மாத்திரை வாங்க வேண்டும். கரண்ட் பில், கேஸ், பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். சகோதரர்களே! அவர் கணக்கு எழுதிப் பிழைப்பவர். அவருக்குக் கணக்குத் தெரியாதா? அவர் போட்ட கணக்கு சரி. தப்பு வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவோம், வாருங்கள்.

எட்டு புரோக்கர்கள், ஒரு மாதம்

அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, நிதானமாக விசாரித்தேன். ஒரு மாதத்தில் எட்டு புரோக்கர்களைப் பார்த்திருக்கிறார். அதில் ஐந்து பேர் நம்மவர்கள். இந்த எட்டுப் பேரில் ஒருவராவது முதல் நாளே அவரை உட்காரவைத்து, "பாய், நீங்கள் கேட்கிற வீட்டுக்கு இந்த ஏரியாவில் இன்று 15,000 ரூபாய் ஆகிறது. உங்கள் தொகைக்கு வேண்டுமென்றால் இன்ன இடத்துக்குப் போக வேண்டும், வீடு இப்படித்தான் இருக்கும். சரிப்படுமா, யோசித்துச் சொல்லுங்கள்" என்று சொன்னாரா? இல்லை. ஒருவர்கூட இல்லை.

மூன்று பேர், தொகையைக் கேட்டதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இந்தத் தம்பியைப் போலவே சிரித்திருக்கிறார். இன்னொருவர் செய்தது இவர்கள் எல்லாரையும்விட மோசம். "இருக்கு பாய், வாங்க" என்று கூப்பிட்டு, வீடு காட்டுவதற்கு 300 ரூபாய் முதலிலேயே வாங்கிக்கொண்டார். முதலில் காட்டியது ஜன்னல் இல்லாத ஓர் அறை, நான்கு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. அடுத்தது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். மனிதர் வெயிலில் அலைந்து கால் ஓய்ந்து நிற்கிற நேரம் பார்த்து, நான்காவதாக ஒரு நல்ல வீட்டுக்குக் கூட்டிப்போனார். கீழ் வீடு, காற்றோட்டம், பக்கத்திலேயே பள்ளிவாசல். வாடகை 15,000. இவர் தயங்கி நிற்கிறார். சரியாக அந்த நேரத்தில் புரோக்கருக்குப் போன் வருகிறது. "ஆமா சார், அந்த வீடுதான்... இன்னொரு பார்ட்டி பாத்துட்டு இருக்காங்க... பதினாறுக்கு முடிச்சிக்கிறீங்களா? டோக்கன் அட்வான்ஸ் இன்னைக்கே தர்றீங்களா?"

போனின் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை! இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். என்னிடமே ஒரு தம்பி இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இளைஞர்களே! இந்த வித்தைக்கு மார்க்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நஜ்ஷ். வாங்கும் எண்ணமே இல்லாமல், அடுத்தவரை ஏற்றிவிடுவதற்காக விலையைக் கூட்டிக் கேட்பது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இதைச் செய்பவனை வட்டி தின்பவன் என்றும் மோசடிக்காரன் என்றும் நபித்தோழர் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அன்றைக்கு நஜ்ஷ் செய்வதற்குக் கூட்டாளி ஒருவன் தேவைப்பட்டான். இன்று கூட்டாளிகூட வேண்டாம், செல்போன் போதும். வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து பயான் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் இதைச் செய்கிறோமே, நெஞ்சு உறுத்தவில்லையா?

புரோக்கர் தொழிலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல மார்க்கத்தில் இடம் இல்லை. இமாம் புகாரி அவர்கள் தரகர் கூலிக்கு என்றே ஒரு பாடம் வைத்து, இப்னு சீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் ஆகிய பெரியோர்கள் அதில் குற்றம் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வீடு தேடித் தருவதும் உழைப்புதான். பெட்ரோல் போட்டு, பத்து பார்ட்டிக்குக் காட்டினால் ஒன்றுதான் முடியும், ஒன்பது வீண் அலைச்சல். எட்டாயிரத்தை வைத்துக்கொண்டு மார்பிள் தரையும் கார் நிறுத்த இடமும் கேட்பவர்களும் வரத்தான் செய்கிறார்கள். எரிச்சல் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் உங்களுக்கு பெட்ரோல் மிச்சம், அவருக்கு மானம் மிச்சம். அதைச் சொல்லாமல் இழுத்தடிப்பது எதற்காக? மனிதர் களைத்துப் போனால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற கணக்குக்காகத்தானே!

கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அவரும் அவருடைய தோழர்களும் கடைவீதியில் தரகர்கள் என்றே அழைக்கப்பட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே வந்தபோது, அதைவிட மேலான பெயராக, வணிகர்களே என்று அழைத்தார்கள். அழைத்த கையோடு, வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து சேர்ந்துவிடும், ஆகவே அதோடு தர்மத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். கவனியுங்கள் தம்பிகளே! உங்கள் தொழிலை அல்லாஹ்வின் தூதர் கேவலப்படுத்தவில்லை, பெயரை உயர்த்திக் கொடுத்தார்கள். ஏழை ஒருவர் தம் பட்ஜெட்டைச் சொன்னதும் சிரிக்கிறோமே, அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

நம் அலுவலகத்தில் சிரித்த தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், வீடு என்னோடதா? வீட்டுக்காரர் சொல்ற வாடகையைத்தானே நான் சொல்றேன்? அவரைக் கேளுங்களேன்!"

நியாயமான கேள்வி. கேட்கிறேன்.

சம்பளம் கொடுக்கும் கையும் வாடகை வாங்கும் கையும்

வியாபாரப் பெருமக்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். பள்ளிவாசல் வரவு செலவில் உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது. இந்தப் பத்திரிகைக்கு சந்தா கட்டுவதும் நீங்கள்தான். அதற்காக உங்களிடம் பேசாமல் விட்டால் நாளை மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரருக்கு 22,000 ரூபாய் சம்பளம் கொடுப்பவர் யார்? நம் சமுதாயத்து வியாபாரி. அவரிடம் 15,000 ரூபாய் வாடகை கேட்டவர் யார்? அவரும் நம் சமுதாயத்து வியாபாரி. வேறு வேறு ஆட்கள்தான். ஆனால் ஒருவரே இரண்டு வேலையையும் செய்கிற இடங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா?

காலையில் கடையில் நின்று சம்பளம் பேசும்போது என்ன சொல்கிறோம்? "காலம் கெட்டுக்கெடக்கு பாய், வியாபாரமே இல்ல, ஆன்லைன்காரன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்" என்கிறோம். மாலையில் வீட்டு வாசலில் நின்று வாடகை பேசும்போது? "ஏரியா வேல்யூ எங்கேயோ போயிடுச்சு பாய்" என்கிறோம். காலையில் படுத்துக் கிடந்த காலம் மாலைக்குள் எப்படி எழுந்து நின்றது? வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு என்று முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறானே, அது தராசுக்கும் படிக்கும் மட்டும் இறங்கிய எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டீர்களா?

8,000 ரூபாய் நடக்காத பட்ஜெட் என்றால், அந்த பட்ஜெட்டைப் போட்டது சம்பளம் கொடுத்த முதலாளி. நடக்காத பட்ஜெட் என்று ஆக்கியது வாடகை கேட்ட முதலாளி. நடுவில் நின்று தலை குனிந்தவர் மட்டும் அந்தத் தொழிலாளி!

வாடகையாவது மாதாமாதம் போகிறது. அட்வான்ஸைப் பாருங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் 1,50,000. முதல் மாத வாடகை 15,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, அது 15,000. ஆக, பாயை விரிப்பதற்கு முன்பே 1,80,000 ரூபாய் எண்ணிவைக்க வேண்டும். சாமான் ஏற்றும் வண்டிக்கூலி தனி.

மாதம் 22,000 வாங்குபவர் இதற்கு எங்கே போவார்? பொண்டாட்டி கழுத்தில் கிடக்கும் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். அது போதாமல், நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவார். மூன்று மாத அட்வான்ஸாக இருந்தால் 45,000 ரூபாயோடு முடிந்திருக்கும். பத்து மாதம் என்பதால் 1,05,000 ரூபாய் கூடுதல். அதற்கு மூன்று வட்டி என்றால் மாதம் 3,150 ரூபாய். அப்படியானால் அந்த வீட்டின் உண்மையான வாடகை 15,000 அல்ல, 18,150! நீங்கள் 15,000 வாங்குகிறீர்கள். மீதியை வட்டிக்காரன் வாங்குகிறான். ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை.

அந்த ஒன்றரை லட்சம் பிறகு எங்கே போகிறது? பெரும்பாலும் கடையில் சரக்காகப் போய் நிற்கிறது. "வங்கிக் கடன் ஒரு ரூபாய் கிடையாது, வட்டியின் வாடையே இல்லாமல் வியாபாரம் பண்றேன், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும் முதலாளிகளை நான் அறிவேன். உண்மைதான், அவர்கள் வட்டி கட்டுவதில்லை. அவர்களுடைய வட்டியை அவர்கள் வீட்டில் குடியிருப்பவர் கட்டுகிறார்!

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் இருந்த காலத்திலேயே பத்து மாதம் வாங்கினோம். அதை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று மாத வாடகை வரை என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் என்று ஒரு சந்தையும் விட்டுவைத்திருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் எல்லோரும் நுழைகிறார்கள். மஹல்லாவில் வேறு வீடே கிடைக்காமல் நிற்பவர் "சம்மதம்" என்று போடும் கையெழுத்து என்ன சம்மதம்? வீடு விற்கும் ஏஜென்டுகளையாவது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு செய்யச் சொல்கிறது. வாடகை வீட்டு புரோக்கரை அதுவும் கேட்பதில்லை. ஆக, இந்த விஷயத்தில் நம்மைத் தடுப்பதற்கு அல்லாஹ்வின் அச்சத்தைத் தவிர வேறு காவல் பெரிதாக இல்லை.

பட்ஜெட் பத்தாத ஆளுக்கு புரோக்கர்கள் இன்னொரு வழியும் காட்டுகிறார்கள். "வாடகைதானே கட்ட முடியல? லீசுக்குப் போயிடுங்க பாய். ஐந்து லட்சம் கொடுங்க, மூணு வருஷம் வாடகையே இல்லாம இருங்க, போகும்போது ஐந்து லட்சமும் கைக்கு வந்திடும்." ஊர்ப்பக்கம் இதை ஒத்தி என்பார்கள். கடன் கொடுத்துவிட்டு, அந்தக் கடனுக்காக ஒரு பலனை அனுபவிப்பது வட்டி என்று நம் உலமாக்கள் எத்தனை முறை மிம்பரில் நின்று சொல்லியிருக்கிறார்கள்! இருந்தும் தொப்பி போட்ட புரோக்கர், தாடி வைத்த வீட்டுக்காரரிடம், பர்தா போட்ட குடும்பத்துக்கு லீஸ் பேசி முடித்து மூவரும் ஸலாம் சொல்லிப் பிரிகிறார்கள். இதில் உலக நஷ்டமும் சேர்ந்திருக்கிறது. உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்த வீட்டையே தன் வீடுபோலக் காட்டி, வேறொருவருக்கு லீசுக்கு விட்டு, லட்சங்களைச் சுருட்டிக்கொண்டு ஓடிய இடைத்தரகர்களின் கதை சென்னையில் ஒன்று இரண்டு அல்ல. உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போதுதான் குடியிருப்பவருக்கே விஷயம் தெரியும். கையில் காசு இல்லாதவர் நடக்காத பட்ஜெட்டோடு வந்தார் என்பதற்காக அவரை ஹராமுக்கும் மோசடிக்கும் கூட்டிப்போகும் தொழிலுக்கு என்ன பெயர் வைப்பது?

வேறு ஏரியாவுக்குப் போனால் என்ன?

சிலர் கேட்கலாம். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் வாடகை கூடுதல் என்றால் வேறு ஏரியாவுக்குப் போவதுதானே?

போனார். அந்த எட்டு புரோக்கர்களில் மூன்று பேர் நம்மவர் அல்லர் என்றேனே, அவர்களிடம் வேறு ஏரியாவுக்குத்தான் கேட்டார். போனில் பட்ஜெட்டைச் சொல்லும்வரை வீடு இருந்தது. பெயரைச் சொன்ன பிறகு, "இந்த பட்ஜெட்டுக்குக் கஷ்டம் சார்" என்று ஆகிவிட்டது. முன்பு, "முஸ்லிம்களுக்குத் தருவதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிறகு "சைவம் மட்டும்" என்று பலகை வைத்தார்கள். இப்போது "பட்ஜெட் பத்தாது" என்கிறார்கள். சொல் நாகரிகமாகிவிட்டது, கதவு அதே மாதிரிதான் மூடிக் கிடக்கிறது. முஸ்லிம்கள் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் படும் பாட்டை சச்சார் கமிட்டி 2006-லேயே எழுதிவைத்தது. கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் மதத்தைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு சமூகத்தார் மட்டுமே உறுப்பினர் என்று விதி வைத்த குஜராத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், 2005-ல் உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த அநீதியை எதிர்த்து நாம் குரல் கொடுக்கிறோம். இன்ஷா அல்லாஹ் தொடர்ந்து கொடுப்போம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே கதவு மூடியிருப்பதால்தான் அந்தச் சகோதரர் நம் மஹல்லாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார். அவருக்குப் போக்கிடம் இல்லை என்பது நமக்கும் தெரியும். தெரிந்துகொண்டு வாடகையை ஏற்றுகிறோம்! வெளியே இருப்பவன் வெறுப்பால் கதவை மூடுகிறான். உள்ளே இருக்கும் நாம் அந்த வெறுப்பை வைத்துக் காசு பண்ணுகிறோம். கலவரத்துக்கு பயந்து ஓடி வருபவர்களிடம் ஆட்டோக்காரன் இரட்டைக் கட்டணம் கேட்டால் திட்டுகிறோமே, நாம் செய்வது வேறென்ன?

நடக்காத பட்ஜெட் என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் சிலர் சந்தாவை நிறுத்திவிடுவார்கள், பரவாயில்லை. இந்தச் சமுதாயத்தில் நடக்கவே நடக்காத வாடகை பட்ஜெட்டோடு உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? பள்ளிவாசலின் வக்ஃப் கடையில் தாத்தா காலத்து வாடகைக்கு உட்கார்ந்திருக்கும் வியாபாரி! பக்கத்துக் கடை இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும் தெருவில், அல்லாஹ்வின் பெயரால் எழுதிவைத்த கடைக்கு சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ரசீது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முத்தவல்லி வாடகையைக் கூட்டினால் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கடையையே உள்வாடகைக்கு விட்டுச் சந்தை விலை வாங்குகிறவர்களும் உண்டு. 2025-ல் வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வெயிலில் நின்று முழங்கினோம். அது நம் கடமை, நின்றோம். அந்தக் கூட்டத்திலும் இப்படிப்பட்ட சிலர் முன்வரிசையில் கொடி பிடித்துக்கொண்டு நின்றார்களே! வக்ஃப் கடை வாடகை ஒழுங்காக வந்தால், அந்தப் பணத்தில் மஹல்லாவில் ஏழைகளுக்கு நியாயமான வாடகையில் பத்து வீடு கட்ட முடியாதா? எட்டாயிரத்துக்கு வீடு கேட்ட கணக்கரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நமக்கு, இவர்களைப் பார்த்துச் சிரிக்க ஏன் வாய் வரவில்லை?

வீடு தேடும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தொகையை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள். "கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்" என்று ஹால் பெரிதாக வேண்டும் என்பது, தாயாருக்குக் கீழ் வீடு வேண்டும் என்பதற்கு ஈடாகாது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் பிடிப்பார்கள், பெயின்ட் அடிக்க யார் செலவு என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது உங்களுக்குத் தெரியும். "நம்ம பாய்தானே" என்று வாய்வார்த்தையில் விட்டுவிட்டு, காலி செய்யும் நாளில் அட்வான்ஸுக்காக அடித்துக்கொண்டு நம் அலுவலகத்துக்குப் பஞ்சாயத்துக்கு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர்.

ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். அவரோ அதற்காக துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நம் சகோதரரும் யாரிடமும் பாதியைக் கேட்கவில்லை. தம் உழைப்பில் எட்டாயிரம் தருகிறேன் என்றுதான் சொன்னார்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று சிரித்த தம்பி நான்கு நாள் கழித்து அவரைத் தேடிப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு, நிலவரத்தை மறைக்காமல் சொல்லி, தன் பைக்கிலேயே இரண்டு நாள் கூட்டிக்கொண்டு அலைந்து, மாதவரம் தாண்டி ஒரு கீழ் வீடு பிடித்துக் கொடுத்தார். வாடகை 9,000. மூன்று மாத அட்வான்ஸ். கமிஷனில் பாதியை வேண்டாம் என்றுவிட்டார். வேலைக்கு வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாங்கு சத்தம் அங்கே கேட்பதில்லை. உம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

இப்போது நமது மண்ணடிக் கிளை அலுவலக மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் வாங்காமல், நியாயமான வாடகைக்கு வீடு தர விரும்பும் உரிமையாளர்கள் அதில் கதவு எண்ணையும் வாடகையையும் எழுதலாம். அஸரிலிருந்து இஷா வரை அலுவலகம் திறந்திருக்கும். அந்தத் தம்பியும் இன்னும் இரண்டு இளைஞர்களும் கமிஷன் இல்லாமல் வீடு காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று ஜும்ஆவில் அறிவிப்புச் செய்தோம். இதுவரை நான்கு வீடுகள் பதிவாகியிருக்கின்றன. அதில் இரண்டு வீடுகளின் உரிமையாளர்கள் இந்துச் சகோதரர்கள். ஒரு வீடு விதவைப் பெண்மணி ஒருவருடையது, அவருக்கு வேறு வருமானம் கிடையாது. நான்காவது வீடு நம் பள்ளிவாசல் மோதினாருடையது.